குழல் வரும் இடம்

இத்தாலிக்காரன் பாட்டுக்கும் போடிநாயக்கனூருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று என் சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். ஏலக்காய் ஏலத்தில் போய் உட்கார்ந்தால் அங்கேயும் பக்கத்து நாற்காலிக்காரர் இதைத்தான் கேட்கிறார். எனக்கும் அந்தப் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தமெல்லாம் என் மனைவிக்குத்தான். அவள் இப்போது இல்லை. வீட்டில் நான் இருக்கிறேன், ரிக்கார்டு போடும் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் போட ஒரே ஒரு ரிக்கார்டு இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள். சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ராக் இசை என்கிறார்கள். அதிலும் இது ஒரு தனி வகையாம். எழுபதுகளில் இத்தாலியில் முடி வளர்த்த பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஆர்கன், கித்தார், டிரம்ஸ், புல்லாங்குழல் என்று எல்லாவற்றையும் கலந்துகட்டி வாசித்து, ஒரே பாட்டை ரிக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க இழுப்பார்களாம். கோயம்புத்தூரில் பேங்கில் வேலை பார்க்கும் என் மகள்தான் இதையெல்லாம் படித்துச் சொன்னாள். இந்த ரிக்கார்டு அந்தக் காலத்திலேயே விற்கவில்லை. குழுவும் கலைந்துவிட்டது. இப்போது யாரோ ஒருவர் வீட்டில் மூல ஒலிநாடா அகப்பட்டு, அதைச் சுத்தம் செய்து, பழைய அட்டைப் படத்தோடு மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். விற்காத சரக்கை இத்தனை காலம் கழித்து மறுபடி சந்தைக்குக் கொண்டுவரும் தைரியம் ஏலக்காய்க்காரனான எனக்கே வராது.

என் மனைவி பிறந்து வளர்ந்தது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருந்த ஒரு ஏலத் தோட்டத்தில். அவளுடைய அப்பா அங்கே சூப்பர்வைசர். தோட்டத்துக்குக் கீழே கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதில் ஒரு இத்தாலிக்கார சிஸ்டர். சின்ன வயசு. பேசுவது அரைகுறை மலையாளம், அதில் கால்வாசி தமிழ். எல்லோரையும் ‘மோளே’, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவாராம், முறுக்கு மீசை வைத்த கங்காணியைக்கூட. இவளுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். அட்டை கடித்த இடம் புண்ணாகி, கட்டு மாற்றிக்கொள்ளப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருந்து அறைக்குப் பின்னால் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டரின் தம்பி ஊரிலிருந்து அனுப்பிய ரிக்கார்டு. புண் ஆறிய பிறகும் இவள் ஞாயிறு தவறாமல் கட்டு மாற்றிக்கொள்ளப் போயிருக்கிறாள். சிஸ்டரும் ஒன்றும் கேட்காமல் ஆறிய காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் பாட்டை வைப்பாராம்.

பிறகு சிஸ்டரை அவர்கள் ஊருக்கே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகும்போது பேட்டரியில் ஓடும் பெட்டியையும் ரிக்கார்டையும் இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தபோது பித்தளைச் சாமான்களோடு அவையும் வந்து இறங்கின.

“என்னா பாட்டு இது?” என்று கேட்டேன்.

“முதல்ல ஆர்கன் வரும். மெதுவா, சர்ச்சுல வாசிக்கிற மாதிரி. அப்புறம் எல்லாரும் சேந்து சண்டை போடுவாக. போட்டு முடிச்சுட்டு ஒருத்தரும் பேச மாட்டாக. அப்ப ஒரு குழல் வரும் பாருங்க...” என்றாள். அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

நானும் கேட்டுப் பார்த்தேன். சண்டை போடுகிற இடம் வந்ததுமே எழுந்து போய்விட்டேன். தலைவலி யாருக்கு வேண்டும்? தோட்டத்தில் ஆயிரம் சோலி கிடந்தது.

கல்யாணமான வருஷத்து மழைக்காலத்தை மேலே எங்கள் தோட்டத்து வீட்டில் கழித்தோம். ஆனி, ஆடி மாதங்களில் மலையில் வெயிலைக் கண்ணால் பார்க்க முடியாது. துவைத்த துணி காயாது. சுவர், செருப்பு, பெல்ட்டு, கல்யாண ஆல்பம் என்று எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். அதற்கு மலைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஸ்டோர். பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்துக்கு அப்படிப் பெயர். வெளியே அடுப்பில் விறகு எரியும், தகரக் குழாய் வழியாகச் சூடு உள்ளே போகும், கம்பிவலைத் தட்டுகளில் காய் அடுக்கடுக்காகக் காயும். காயோடு சேர்ந்து வீட்டில் உள்ளதெல்லாம் அங்கே காயும். கம்பளி, பள்ளிக்கூடப் புத்தகம், ரேஷன் கார்டு, தொட்டில் சேலை, எதுவானாலும் ஸ்டோர்தான். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் தலையணையிலும் ஏலக்காய்தான் மணக்கும். ஈரமாக ஒன்றைப் பார்த்தால், அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு யோசிக்காமலே கை அதை ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஒருநாள் அந்த ரிக்கார்டின் அட்டையிலும் பூஞ்சணம் பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். பதறிப்போய், அட்டையைத் தனியாகவும் ரிக்கார்டைத் தனியாகவும் துடைத்து, ஸ்டோரின் மேல் அடுக்கில், சூடு நன்றாகப் பிடிக்கும் இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் காய் அள்ளப் போனால், ரிக்கார்டு வடைச் சட்டி மாதிரி குழிந்து கிடக்கிறது. அட்டை மட்டும் அருமையாகக் காய்ந்திருந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஏ புள்ள, இதையும் தரம் பிரிச்சு ஏலத்துக்கு அனுப்பிருவமா?” என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. குழிந்த ரிக்கார்டைப் பெட்டியில் வைத்து முள்ளை இறக்கிப் பார்த்தாள். முள் தாவித் தாவி விழுந்தது. அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டு அவள் வாயில்தான் இருந்தது. ஆர்கனும் சண்டையும் போய்க் குழல் மட்டும் தங்கிவிட்டது. அரிசி களையும்போது முணுமுணுப்பாள். மகளுக்குத் தலை பின்னும்போது முணுமுணுப்பாள். மேலே ஏறும், கொஞ்சம் நிற்கும், கீழே இறங்கும், மறுபடி ஏறப்போகும். அந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். “இதுக்கு மேல மறந்துபோச்சுங்க. இன்னும் கொஞ்சம் இருக்கு. அந்தக் கொஞ்சந்தான் முக்கியம்” என்பாள். எத்தனையோ தடவை தொடங்கிப் பார்ப்பாள். எப்போதும் அதே இடத்தில்தான் நிற்கும். குழுவின் பெயரோ பாட்டின் பெயரோ அவளுக்குத் தெரியாது. அட்டையைக் கரையான் தின்றுவிட்டது. அதில் இருந்த படம் மட்டும் நினைவிருந்தது. உழுது போட்ட வயல், அதன் நடுவில் எதிலும் சாயாமல் நிற்கிற ஒரு ஏணி.

இப்படியே எங்கள் காலம் ஓடியது. மகள் பிறந்தாள், படித்தாள், கட்டிக்கொடுத்தோம். போடிக்கே வந்து குடியேறிவிட்டோம். தோட்டத்துக்கு நான் மட்டும் ஜீப்பில் போய் வந்துகொண்டிருந்தேன்.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பிறகு அந்தக் கட்டியின் பெயரைச் சொன்னார்கள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட ஏற்பாடானது. டாக்டர் எங்கள் மகள் வயசுப் பெண். மறைக்காமல் பேசுகிறவர்.

“நல்ல மருந்துதாம்மா. ஆனா சிலருக்குக் காதைப் பாதிக்கும். மெல்லிசான, உச்சத்துல உள்ள சத்தமெல்லாம் முதல்ல போகும். போனா திரும்ப வராது. தெரிஞ்சுக்கங்க” என்றார்.

எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ஆளே போய்விடுவாளோ என்ற பயத்தில் இருக்கிறவனுக்குக் காது ஒரு கணக்கா? ஆனால் காரில் திரும்பி வரும்போது, தேனி தாண்டியதும் அவள் சொன்னாள்.

“அந்த ரிக்கார்டை ஒரு தடவை கேட்டுறணுங்க. காது போறதுக்குள்ள. அந்தக் குழல் எப்படி முடியுதுன்னு தெரிஞ்சுக்கிறணும்.”

அவ்வளவு பெரிய வியாதியைச் சொன்னபோது அவள் எதையும் கேட்கவில்லை. ஏன் எனக்கு என்று அழவில்லை. எனக்கு இது வேண்டும் என்று கேட்டது இது ஒன்றைத்தான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நகை வேண்டும், பட்டு வேண்டும் என்று கேட்டவள் இல்லை. ஊர் உலகத்தில் கிடைக்கிற எதையாவது கேட்டிருந்தால் நான் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேனா? போயும் போயும் இதையா கேட்க வேண்டும்!

மகளிடம் சொன்னேன். வயல், ஏணி என்று அம்மா சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு அவள் போனில் தேடு தேடென்று தேடினாள். எனக்கு நம்பிக்கையே இல்லை. ஒருநாள், “அப்பா, ஏணி கெடைச்சிருச்சுப்பா!” என்று கத்தினாள். அப்போதுதான் இந்த மறுவெளியீடு வரப்போவதாக அறிவித்திருந்தார்கள். போனிலேயே கேட்டிருக்கலாமே என்று இப்போது எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். போனில் கிடைத்தால் நான் ஏன் இத்தாலிக்காரன் வாசலில் போய் நிற்கிறேன்? அந்தச் சின்னக் கம்பெனி ரிக்கார்டாக மட்டும்தான் போட்டது. போனில் மாதிரிக்கு ஒரு துணுக்கு வைத்திருந்தார்கள். ஆர்கன் தொடங்கும், உடனே நின்றுவிடும். அந்தத் துணுக்கைக் கேட்டதும், “இதான், இதேதான்” என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

ரிக்கார்டுக்குப் பணம் கட்டினோம். அதைப் போடப் புதுப் பெட்டி ஒன்றும் ஸ்பீக்கரும் மகளே வாங்கிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். பெட்டி வந்துவிட்டது, ரிக்கார்டு வரவில்லை. இதற்குள் முதல் ஊசி போட்டாகிவிட்டது.

“காதுக்குள்ள சில்வண்டு கத்துதுங்க. நிறுத்தவே மாட்டேங்குது” என்றாள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒருநாள் அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் இருந்த எனக்குக் கேட்கிறது. பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்குகிறவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய் அடுப்பை அணைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் குழைந்த சோற்றைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் மகளுக்குப் போன் போட்டு, ரிக்கார்டு எங்கே வருகிறது என்று கேட்கச் சொன்னாள். கப்பலில் இருக்கிறதா, விமானத்தில் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. கிளம்பிவிட்டது என்றார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை.

மூன்றாவது ஊசிக்கு நாள் வந்தது. காரை எடுத்து வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் அவள் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

“கொஞ்ச நாள் தள்ளிப் போடுவமா?” என்றாள்.

“எதை?”

“ஊசியத்தான். ரிக்கார்டு வந்துரும். கேட்டுட்டு வந்து போட்டுக்கிறேன்.”

வந்ததே எனக்குக் கோபம். “உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? எவனோ என்னைக்கோ ஊதுன குழலுக்கு நீ உசுரை விடுவியா? அவன் இருக்கானோ செத்தானோ! நீ அவனுக்காக இங்க ஊசி போடாம உக்காந்திருக்கியா?” என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். டாக்டருக்குப் போன் போட்டேன். தள்ளிப் போடுவது நல்லதில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

“உசுரு இருந்து காது இல்லாட்டி என்னாங்க செய்யிறது?” என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“காது கேக்காட்டி நான் கத்திக்கிறேன். இம்புட்டு நாளும் கத்திக்கிட்டுத்தான இருக்கேன்? அதுக்குன்னே பொறந்த தொண்டை இது” என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “சரி, கெளம்புங்க. வெரசாப் போயிட்டு வந்துருவம்” என்று சேலை மாற்றப் போனாள். நான் செய்தது சரிதான். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனாலும் அவள் மறுபேச்சில்லாமல் சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

அந்த ஊசிக்குப் பிறகு மகளின் குரல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. போனைக் காதில் வைத்து, “சத்தமாப் பேசு ஆத்தா” என்பாள். அவள் அங்கே கத்துவது எனக்குக் கேட்கும், இவளுக்குக் கேட்காது. காலையில் வேப்ப மரத்தில் வந்து உட்காரும் குருவிகளைப் பார்த்து, “என்னா இதுக இப்பல்லாம் கத்துறதே இல்ல?” என்று கேட்டாள். பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “உங்க கட்டைக் குரல் ஒண்ணுதான் ஒழுங்காக் கேக்குது. என் தலையெழுத்தைப் பாருங்க” என்பாள்.

ஆடிக் காற்று ஊரைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு பகலில் ரிக்கார்டு வந்தது. கூரியர்காரன் தலைமுடியெல்லாம் மண்ணாக வந்து நின்றான். பார்சலைப் பிரித்து ரிக்கார்டை அட்டையோடு அவளிடம் கொடுத்தேன். உழுத வயல், நடுவில் ஏணி. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஏணியின் ஒவ்வொரு படியாக விரலை ஏற்றினாள். “அப்படியே இருக்குங்க. ஒண்ணும் மாறலை” என்றாள்.

மண் உள்ளே வராமல் ஜன்னலையெல்லாம் சாத்தினேன். அவள் நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். முள்ளை இறக்கினேன். ஆர்கன் வந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது! எனக்கு அப்படியே உயிர் வந்தது. பிறகு சண்டை. டிரம்ஸ்காரன் அடித்து நொறுக்கினான். அவள் காலால் தாளம் போட்டுக்கொண்டு, “சொன்னேன்ல, சொன்னேன்ல” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சண்டை முடியும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். சண்டை நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

குழல் வந்தது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அது எனக்குப் பழகின பாட்டு. அரிசி களையும்போது கேட்ட அதே பாட்டு. ஏறியது, நின்றது, இறங்கியது. அவள் எப்போதும் நிறுத்துகிற இடம் வந்தது. குழல் நிற்கவில்லை. மறுபடி ஏறியது, அவள் குரல் போகாத உயரத்துக்கு ஏறி, அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல மெல்லக் கீழே வந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. திரும்பி அவளைப் பார்த்தேன். கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். நான் அசைந்தது தெரிந்து, சும்மா இருங்க என்று விரலைக் காட்டினாள். குழல் முடிந்துவிட்டது. முள் நடுவில் போய் உரசிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்து, “இன்னும் வரலையா?” என்று கேட்டாள்.

எனக்கு வாயில் வந்தது ஏச்சுதான். “வராது! எங்கிட்டு வரும்? வெட்டிட்டானுக! கூறுகெட்ட பயலுக, சுத்தம் பண்றோம்னு சொல்லிக் குழலைத் தூக்கி எறிஞ்சுட்டானுக. பழசுல இருந்ததைப் புதுசுல காணோம். இவனுகளை நம்பிப் பணம் கட்டுனேன் பாரு, என்னையச் சொல்லணும். இன்னைக்கே மகளை விட்டு எழுதச் சொல்றேன். நாறடிச்சுர்றேன்” என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். ஒரு பாவமும் அறியாத அந்த இத்தாலிக்காரனை, அவன் பரம்பரையை, எல்லாவற்றையும் இழுத்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் கத்தினேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்தாள்.

“பாவம், அவுகளைத் திட்டாதீக. நல்லாத்தான் வாசிச்சிருப்பாரு. நீங்க கேட்டீகள்ல?”

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

“எப்படி முடியுது? அதை மட்டும் சொல்லுங்க.”

இப்போதுதான் கேட்டிருந்தேன். காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் லோடு ஜீப்பு மேட்டில் ஏறுகிற சத்தம்தான் வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது குழல் மாதிரி இல்லையே” என்றாள். இரண்டு பேருமே சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழுதுவிட்டாள்.

அடுத்த வாரம் மகள் வந்து ரிக்கார்டைக் கேட்டு அச்சு அசலாகப் பாடினாள். என்ன பிரயோசனம்? அவள் குரல் மெல்லிசு. தாய்க்கு எட்டவில்லை. மகளின் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்குக் கேட்கிற குரல் என்னுடையது ஒன்றுதான். ஆகவே அந்தப் பாட்டை நான்தான் படித்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கள் குலத்தில் எவனுக்கும் பாட்டு வந்ததில்லை. தாலாட்டுகூடப் பொம்பளைகள்தான் பாடுவார்கள்.

மத்தியானம் அவள் தூங்கும்போது ரிக்கார்டைப் போட்டுப் பழகுவேன். குழல் வரும் இடத்தை மட்டும் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் அவள் எழுந்திரிக்க மாட்டாள். ஜீப்பில் தோட்டத்துக்குப் போகும்போது வழியெல்லாம் முணுமுணுப்பேன். மெட்டுச் செக்போஸ்ட்டில் இருந்த போலீஸ்காரர், “என்னண்ணே, பல்லு வலியா?” என்று கேட்டார். சாயங்காலமானால் அவளிடம் ஒப்பிக்க வேண்டும். கடைசிப் பகுதியை மட்டும் பாடிவிட்டு எழுந்து ஓடலாம் என்று பார்த்தால் விடமாட்டாள்.

“முதல்ல இருந்து வாங்க. குறுக்க தாவக்கூடாது” என்பாள்.

முதல் பாதி அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அதில் நான் ஒவ்வொரு இடமாகத் தப்புவேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஏறு என்றால் மேலே இழுப்பாள், இறங்கு என்றால் கீழே அழுத்துவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. நான் தோட்டம், ஏலம், மார்க்கெட் என்று அலைந்திருக்கிறேன், அவள் வீட்டைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

புரட்டாசியில் முதல் பாதி வந்துவிட்டது. “பாஸு” என்றாள். மிச்சம்தான் பிடிபடவில்லை. உச்சியில் அந்தச் சுற்று வருகிற இடத்தில் என் வாய் தானாக ஏதோ ஒரு சினிமாப் பாட்டுக்குள் போய் இறங்கிவிடும். “இத்தாலியில இருந்து நேரா போடிக்கு வந்துட்டீகளே” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும். அதனால் நான் பாடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஊசி கேட்கவில்லை. கட்டி வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றார்கள். டாக்டர் அந்தத் தடவை எங்களுக்கு எதிரில் உட்காராமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஐப்பசி அடைமழையில் அவள் கட்டிலோடு இருந்தாள். ஒருநாள் குனிந்து தண்ணீர் கொடுக்கும்போது, “பிடிபட்டுச்சா?” என்று கேட்டாள்.

“நாளைக்கு வந்துரும்” என்று அவள் காதோரம் சொன்னேன்.

“சரி” என்றாள்.

அந்த மழை விடுவதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து மகள் ஊருக்குப் போன பிறகு, கார்த்திகையில் ஒருநாள் தோட்டத்துக்குக் கிளம்பினேன். ரிக்கார்டை நான் அதுவரை தொடவில்லை, பாட்டை நினைக்கவும் இல்லை. காய் எடுக்க ஆள் வந்திருக்குமா, விறகு இருக்குமா என்று யோசித்துக்கொண்டே ஜீப்பை ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவுகள் பாதி தாண்டியிருப்பேன். என் வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முதல் பாதி வந்தது. அவள் நிறுத்துகிற இடம் வந்தது. நான் நிற்கவில்லை. ஏறினேன், உச்சியில் அந்தச் சுற்றைச் சுற்றினேன், மெல்ல மெல்ல இறங்கிக் கடைசிவரை வந்துவிட்டேன். ஒரு இடம்கூடப் பிசகவில்லை.

ஜீப்பை ஓரம் கட்டினேன். பக்கத்து சீட்டில் யாருமில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி, “வந்துருச்சு புள்ள! முழுசா வந்துருச்சு! கேட்டியா?” என்று அவளுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.